சாட்சி நோட்டு

நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை மூன்று முறை கூப்பிட்டுவிட்டீர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஃபோனிலேயே உபநிஷத வகுப்பாம். "ஐம்பது நெருங்குது, முட்டி தேஞ்சாச்சு, பிள்ளைங்க பேச்சக் கேக்கறதில்ல, இனிமேலாவது கொஞ்சம் உள்ள பாக்கலாம்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். நான் கை கூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை. அந்தப் பாடத்தை நான் பதினோரு வயதிலேயே படித்தாயிற்று. நன்றாகவே படித்தேன். வகுப்பில் முதல் ஆள் நான்தான். வினையே அதுதான்.

அப்போது நாங்கள் மர்பி டவுனில் இருந்தோம். முந்தைய குளிர்காலத்தில் காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் நடந்து ஓய்ந்திருந்தது. ஊர் கன்னட ஊர், அதனால் பஸ்ஸில் ஏறினால் தமிழை வாயில் அடக்கிக்கொள் என்று சொல்லித்தான் எங்களை அனுப்புவார்கள். அப்பா கட்டட வேலைக்குப் போனார். அம்மா ரோடு கூட்டினாள். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், பங்களாக்களும் புங்க மரங்களும் உள்ள ஒரு தெரு அவளுடையது. "என் ரோடு" என்றுதான் சொல்வாள். சித்திரை வந்துவிட்டால் புங்கம்பூ பொரி கொட்டியதுபோல ரோடு முழுக்கக் கிடக்கும். கூட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் கிடக்கும். "இந்த மரத்துக்கு என்மேல என்ன கோவமோ" என்று சிரிப்பாள். சாயங்காலம் அவள் தலைமுடியில் இரண்டு பூவாவது சிக்கியிருக்கும்.

அந்தத் தெருவில் ஒரு பெரிய வீட்டின் மாடிக்கூடத்தில் கோடை விடுமுறைக்குக் குழந்தைகள் வகுப்பு நடந்தது. மந்திரம் சொல்லித் தருவார்கள், வேதாந்தக் கதை சொல்வார்கள். கீழே கூட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. வாட்ச்மேனிடம் விசாரித்தாள். யார் வேண்டுமானாலும் சேரலாம், காசு இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"அது காதுல விழும்போது மனசு லேசாயிடுது குட்டி. என்ன சொல்றாங்கன்னுதான் ஒண்ணும் புரியல. நீ போய்க் கத்துக்க. கத்துகிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றாள்.

படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தது அவள். எழுதப் படிக்கத் தெரியாததால் நிரப்பியது நான். தாயின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு 'கவர்மெண்ட் வேலை' என்று எழுதினேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டியபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

டீச்சரை எல்லோரும் ஆன்ட்டி என்று கூப்பிட்டோம். ஐம்பது வயதிருக்கும். காட்டன் புடவை, நரைத்த தலையில் ஒரே ஒரு செம்பருத்தி. எங்கள் தமிழ்ப் பள்ளியில் எந்த டீச்சரும் எங்களை அப்படி மடியில் இழுத்து உட்காரவைத்ததில்லை. வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். எனக்காக நடுநடுவே தமிழில் திருப்பிச் சொல்வார். நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு சொல்ல மனது வராது.

முதல் வாரத்தில் அவர் சொன்ன கதை உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரே மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று பழத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. தின்கிறது நம் மனம், பார்க்கிறதுதான் உண்மையான நாம். அதற்குப் பெயர் சாட்சி.

அன்றைக்கு வகுப்பு முடிந்து வெளியே வந்து, பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்னை நின்றுகொண்டே தின்றேன். பாதி பன்னில் திடீரென்று அது நடந்தது. நான் தின்பது எனக்கே தெரிந்தது. வாயில் தேங்காய்த் துருவல், கையில் எண்ணெய்க் காகிதம், பக்கத்தில் ஒரு நாய், இவற்றோடு சேர்த்து நானும் அங்கே நிற்பதை யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோவும் நான்தான். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு பன்னை நான் தின்றதில்லை. இன்றைக்கும் சத்தியம் செய்வேன், அது பொய்யில்லை. பாடத்தில் குறை எதுவும் இல்லை.

சாயங்காலம் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். நான் இரண்டு பறவைகளையும் சொன்னேன். அவள் முறத்தை அப்படியே நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அந்தப் பாத்துகிட்டே இருக்கிற பறவைக்குப் பசிக்காதா?"

"அதுக்குப் பசியே கிடையாதும்மா."

"பசிக்காத பறவை எங்க இருக்குது?"

"உனக்குப் புரியாது, விடு" என்றேன். பதினோரு வயதில் ஒரு வாரம் வேதாந்தம் படித்தால் இப்படித்தான் பேசத் தோன்றும். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நீ புரிஞ்சிக்கிறியே, அது போதும்" என்று மறுபடியும் முறத்தை ஆட்டினாள்.

இரண்டாவது வாரம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். அதுதான் சாட்சி நோட்டு. ராத்திரி படுப்பதற்கு முன் அன்றைக்கு உள்ளே என்னென்ன வந்தது என்று அதில் எழுத வேண்டும். கோபம் வந்தால் கோபம், பொறாமை வந்தால் பொறாமை. தப்பு சரி பார்க்கக் கூடாது, பார்த்ததை எழுதினால் போதும்.

"இத நான் படிக்க மாட்டேன். அம்மா அப்பாவும் படிக்கக் கூடாது. உனக்கும் உள்ள இருக்கறவருக்கும் மட்டும்தான் இது. ப்ராமிஸ்" என்று ஆன்ட்டி ஒவ்வொருவர் கையிலும் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார். என் கையில் அடித்தபோது அவருடைய மோதிரம் பட்டு வலித்தது.

மற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். என் ஒருத்தியின் நோட்டுதான் தமிழ். அப்பா கொண்டுவந்த சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் அம்மா அதற்கு அட்டை போட்டுக் கொடுத்தாள். உள்ளே திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவளால் படிக்க முடியாது என்ற தைரியத்தில் நான் அதை அடுப்படி மாடத்திலேயே வைத்திருந்தேன். எழுத எழுத ருசி கண்டுவிட்டது. மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு கிழவரை முந்திக்கொண்டு நின்றதை எழுதினேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் மாருதிக்காரப் பெண்ணின் வெள்ளைச் செருப்பைப் பார்த்து வயிறு எரிந்ததை எழுதினேன். வெள்ளை மாருதியில் வந்து இறங்குவதால் அவளுக்கு நான் வைத்த பெயர் அது. எழுதியதும் வயிற்றெரிச்சல் குறைந்ததையும் எழுதினேன்.

அப்புறம் 'இது நானில்லை' பாடம் வந்தது. கையைக் காட்டி, இது நானா? இல்லை, இது என் கை. பெயர் நானா? இல்லை, அது யாரோ வைத்தது. இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால் கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் நான். அதற்கு ஊர் இல்லை, ஜாதி இல்லை, அப்பா அம்மா இல்லை. அதற்குப் பிறப்பே இல்லை.

உங்களில் பலருக்கு இது வெறும் தத்துவமாக இருந்திருக்கும். எனக்கு அன்று கதவு திறந்ததுபோல இருந்தது. மர்பி டவுன் இல்லை, தகரக் கூரை இல்லை, படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை. அன்று சாயங்காலம் அம்மா என்ன பாடம் என்று கேட்டபோது, "பழைய பாடம்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வகுப்பு முடிந்து நானும் மாருதிக்காரப் பெண்ணும் கேட்டுக்கு வெளியே வந்தோம். எப்போதும் அந்த நேரத்தில் அம்மா தெருவின் அடுத்த முனைக்குப் போயிருப்பாள். அன்று பூ அதிகம் போலிருக்கிறது, எதிர்ப்பக்கத்திலேயே நின்றிருந்தாள். புடவைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, தலையில் துண்டு, சுவரில் சாய்த்துவைத்த நீளக் கம்புத் துடைப்பம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கையைத் தூக்கி ஆட்டினாள்.

"யாரு அவங்க? உன்னப் பாத்துதான் சிரிக்கறாங்க" என்றாள் மாருதிக்காரப் பெண்.

"தெரியல. ரோடு கூட்டறவங்க" என்றேன்.

அம்மாவின் கை மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கியது. நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது, ரோடு அகலம். அன்று வீட்டுக்கு வந்ததும், "உன் ஃப்ரெண்டா அது? செருப்பு எவ்ளோ வெள்ளையா இருக்குது" என்று மட்டும் சொன்னாள். நான் ஏதோ அவசரத்தில் கவனிக்கவில்லை என்று அவளாகவே வைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி நோட்டில் எழுதியது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. 'ரோடு கூட்டும் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அவள் இந்த உடம்புக்கு அம்மா. சாட்சிக்கு அம்மா கிடையாது. சொல்லும்போது எனக்குப் பயம் வரவில்லை. பயம் வராததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.' எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். திருட்டுத்தனம் செய்த உணர்வே இல்லை. கணக்குப் பாடத்தில் கடினமான ஒன்றைச் சரியாகப் போட்டதுபோல இருந்தது.

மே மாதக் கடைசியில் ஆன்ட்டி எல்லா நோட்டுகளையும் வாங்கிக்கொண்டார். நிறைவு விழாவுக்கு முன் சாமி படத்தின் முன்னால் வைத்துப் பூஜை செய்து தருவதாகச் சொன்னார். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் வைப்பதில்லையா, அந்த மாதிரிதான் என்று நானும் கொடுத்தேன். கொடுக்கும்போது, "படிக்க மாட்டீங்கல்ல ஆன்ட்டி?" என்று கேட்டேன். என் கன்னத்தைக் கிள்ளி, "சாமிதான் படிப்பார்" என்றார்.

விழாவுக்குப் பெற்றோர் வரவேண்டும் என்று சீட்டு கொடுத்தார்கள். அதை நான் வீட்டில் காட்டவில்லை. வழியில் சாக்கடையில் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனால் அந்த ரோட்டில் நடக்கிற எதுவும் அம்மாவுக்குத் தெரியாமல் போகுமா? வாட்ச்மேன் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு லீவு. நான் கிளம்பிய பிறகு அவள் தனியாகக் கிளம்பியிருக்கிறாள். விழா பாதி நடந்துகொண்டிருந்தபோது கூடத்தின் கடைசியில், செருப்பு விடும் இடத்தை ஒட்டி, மஞ்சள் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக வந்து உட்கார்ந்தாள். மேடையில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, மடியில் கையைச் சேர்த்துக்கொண்டு, கோயிலில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அம்மாவின் கண் மின்விசிறிக்கும் மேடைக்கும் போய்ப்போய் வந்தது. கடைசியில் ஆன்ட்டி மைக்கின் முன்னால் வந்து நின்றார். அவர் கையில் சிமெண்ட் காகித அட்டை.

"இது ஒரு குழந்தை எழுதினது. பேர் சொல்லமாட்டேன், ஏன்னா ப்ராமிஸ் பண்ணியிருக்கேன்" என்று சிரித்தார். "தமிழ்ல எழுதியிருக்கா. அப்படியே படிக்கறேன்."

மைக்கில் தமிழ் கேட்டதும் அம்மா நிமிர்ந்தாள். அந்த வருஷம் மைக்கில் தமிழ் கேட்பது அபூர்வம். தனக்குப் புரியக்கூடிய ஒன்று கடைசியில் வந்துவிட்டது என்ற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. பக்கத்திலிருந்தவளைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினாள்.

ஆன்ட்டி நிறுத்தி நிறுத்தி, அழகாகப் படித்தார். ஒரு வரியையும் விடவில்லை.

என் வரிகளை வேறொரு வாயிலிருந்து கேட்டபோதுதான் அவை என்ன என்று எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி எழுதும்போது வராத பயம் அப்போது வந்தது. பார்க்கிற பறவையாவது ஒன்றாவது. மேடையில் ஒரு பொய்க்காரி நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

படித்து முடித்துவிட்டு ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்ளோ பெரிய மனசு பாருங்க. ரோடு கூட்டற ஒருத்தியப் பாத்துகூட இந்தக் குழந்தைக்கு அம்மான்னு தோணியிருக்கு. எல்லாருக்குள்ளயும் ஒண்ணுதான் இருக்குங்கறத எவ்ளோ சுலபமா பிடிச்சிட்டா. நான் முப்பது வருஷமா படிக்கறேன், எனக்கு வரல."

அதையே ஆங்கிலத்திலும் திருப்பிச் சொன்னார். கூடம் கை தட்டியது. அந்த வகுப்பில் ஒரு துப்புரவுக்காரியின் மகள் இருக்கக்கூடும் என்பது மட்டும் அந்தப் பெரிய மனதுக்குத் தோன்றவே இல்லை. அம்மாவும் கை தட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினாள்.

பிரசாத வரிசையில் ஆன்ட்டி ஒவ்வொரு அம்மாவையும் விசாரித்துக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் முறை வந்தது.

"நீங்க யாரோட அம்மா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "நானா? இல்லீங்க மேடம். நான் இந்த ரோடு கூட்டறவ. பாட்டு கேட்டுச்சு, சும்மா உள்ள வந்தேன்" என்றாள்.

ரோடு கூட்டுகிறவள் லீவு நாளில் மல்லிகை வைத்துக்கொண்டு எதற்கு வந்தாள் என்று ஆன்ட்டி யோசிக்கவில்லை. அவருக்கு ஒரே பரவசம். "அட, நீங்கதானா அது? இந்தக் குழந்தை உங்களப் பத்திதான் எழுதியிருக்கா" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து என் முன்னால் நிறுத்தினார். "ஆசீர்வாதம் பண்ணுங்க."

அம்மா என் தலையில் கை வைத்தாள். துடைப்பக் கம்பு பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை என் முடியில் சிக்கியது.

"நல்லா படி, பாப்பா" என்றாள். ஊரான் வீட்டுப் பிள்ளைகளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"சரிங்க" என்றேன்.

வாயைத் திறந்து இது என் அம்மா என்று சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. வரிசை நகரும்வரை இருந்தது. அவள் படியிறங்கிச் செருப்பைத் தேடி மாட்டும்வரை இருந்தது.

நோட்டு என்னிடம் திரும்பி வரவில்லை. அதை ஆன்ட்டியே வைத்துக்கொண்டார். நான் வேலைக்குப் போன பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். அடையாளம் சொன்னதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கோடையிலும் புதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுவதாகச் சொன்னார்.

"அவங்க நிஜமாவே எங்க அம்மா, ஆன்ட்டி" என்றேன். எத்தனை வருஷம் கழித்து.

அவர் என் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். "இன்னும் அதே மனசு உனக்கு. எல்லாருமே நமக்கு அம்மாதான்" என்றார்.

அவரை நான் மன்னிக்கவில்லை. சத்தியம் செய்த கையாலேயே எடுத்துப் படித்தார், படித்தும் புரிந்துகொள்ளவில்லை. அந்தப் பாடத்தையும் மன்னிக்கவில்லை, குழந்தையின் கையில் கொடுக்கக்கூடியதா அது? இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். அம்மாமேலும் எனக்குக் கோபம் உண்டு. 'இல்லீங்க மேடம்' என்று அவ்வளவு சுலபமாக அவளுக்கு எப்படி வந்தது? என் பொய்யைக் காப்பாற்றத்தான் சொன்னாளா, இல்லை என்னைக் கைகழுவினாளா? அவள் போய் எட்டு வருஷம் ஆகிறது. கேட்கவே இல்லை. அவளும் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று விழா முடிந்து நான் ஏரியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத்தான் வீட்டுக்குப் போனேன். அம்மா எனக்கு முன்னாலேயே வந்து, மஞ்சள் புடவையை மடித்துவைத்துவிட்டு, வீட்டுப் புடவையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டிருந்தாள்.

"கிளாஸ் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நல்லா இருந்துச்சா?"

என் கையில் பிரசாதப் பொட்டலம், ஒரு வாழைப்பழம், ஒரு ரவை லட்டு. அவள் எழுந்து மாடத்திலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள். பிரிக்கவே இல்லை.

"இந்தா, இதையும் நீயே சாப்டு."

"உனக்கும்மா?"

"எனக்குப் பசியில்ல."

எனக்கும் பசிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்து பழத்தை உரித்தேன். அம்மா அரிவாள்மணையை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் தின்றேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.